டாக்டர் நலங்கிள்ளிக்குக் கூட்டமில்லை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு பேருக்கும் காய்ச்சல் வந்தது. வருகைப் பதிவு எடுத்து முடித்த பிறகுதான் வந்தது. பேராசிரியர் ஜைனம்பு அந்த ஒழுங்கை மீறுவதில்லை.

"இன்னைக்கு நூத்திரெண்டு டிகிரி," என்றார் அவர், மேசையில் இருந்த குமிழைத் திருப்பியபடி. "கூட கொஞ்சம் மூட்டுவலி. போன வாரம் மாதிரி யாரும் படுத்துத் தூங்கிடாதீங்க."

செவ்வாய்க் கிரகத்தில், மேலக்குழிக் கல்லூரியில், மருத்துவ நிர்வாகத்தில் எம்.பி.ஏ. படிக்கச் சேர்பவர்களுக்கு முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு நோய்ச்சில்லு பதிப்பார்கள். அரிசி அளவுதான் இருக்கும். அதில் கிருமி எதுவும் கிடையாது. மூளையிடம் போய், உனக்குக் காய்ச்சல் என்று சொல்லும். மூளை நம்பிவிடும். உடம்பு சுடும், பல் கிட்டும். மாலை நான்கு மணிக்குச் சில்லு அணைந்துவிடும். ஆஸ்பத்திரி நடத்தப் போகிறவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது நோயாளியாக இருந்து பார்க்க வேண்டும் என்பது பாடத்திட்டம். மேலக்குழி ஆஸ்பத்திரிக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி, மறுநாள் ஆறு பக்க அறிக்கை எழுத வேண்டும். இரண்டு ஆண்டுகளில் நூறு நோய். தேர்வு நெருங்கும்போது சிலருக்கு நிஜமாகவே காய்ச்சல் வருவதுண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது.

மூன்றாவது வரிசையில், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பொற்கொடிக்கு அன்று காய்ச்சல் பெரிதாகத் தெரியவில்லை. அவள் கவலை வேறு.

இறுதியாண்டு மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவ நிலையத்தின் நிர்வாகத்தை ஒப்படைப்பார்கள். பொற்கொடிக்குக் கிடைத்தது கீழக்குழி நிலையம். மேலக்குழியிலிருந்து, தொங்கிச் செல்லும் கம்பிவண்டியில் நாற்பது நிமிடம். பனிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள், மொத்தம் ஆயிரத்து நானூறு பேர். அவளுடைய சொந்த ஊர் என்பதால்தான் அதைக் கேட்டு வாங்கினாள். அங்கே ஒரே ஒரு டாக்டர். பெயர் நலங்கிள்ளி. அவரைச் செய்த தொழிற்சாலை தன் மருத்துவப் பொறிகளுக்குச் சோழ அரசர்களின் பெயர்களை வைத்திருந்தது. மேலக்குழி ஆஸ்பத்திரியில் இருப்பவர் கரிகாலன். இருவரும் ஒரே வார்ப்பு, ஒரே வாரத்தில் செய்யப்பட்டவர்கள், ஒரே மூளை. பொறிதான் என்றாலும் டாக்டர் என்பதால் எல்லாரும் 'அவர்' என்றே சொல்வார்கள்.

நலங்கிள்ளி ஒருவரின் மூச்சையும் விழித்திரையையும் பார்த்து நாற்பது நொடியில் நோயைச் சொல்லிவிடுவார். வாசலில் ஒருவர் நுழைந்தால், வெளியே போக இரண்டு நிமிடம்தான் ஆகும். பொற்கொடி தன் ஆய்வுக்கு வைத்திருந்த தலைப்பு, 'காத்திருப்பே இல்லாத புறநோயாளி சேவை'. தலைப்புக்கு ஏற்றபடி கூடத்தில் இருந்த நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டாள். காத்திருக்கவே போவதில்லை என்றால் நாற்காலி எதற்கு?

நான்கு மாதத்தில் பதினொரு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் வழி கேட்க வந்தவர்கள்.

பருவம் முடிவதற்குள் வாரத்துக்கு அறுபது நோயாளிகள் வராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவது என்று சுகாதாரக் குழு முடிவு செய்திருந்தது. மூடினால் நலங்கிள்ளி பனிச் சுரங்கத்துக்குப் போவார். எலும்பில் மயிரிழை முறிவைக் கண்டுபிடிக்கும் கண், தண்ணீர்க் குழாயில் விரிசலையும் கண்டுபிடிக்கும். போவதற்கு முன்னால் அவர் நினைவை முழுக்கத் துடைத்துவிடுவார்கள். மருத்துவம் போய்விடும். பொற்கொடி என்று ஒருத்தி இருந்ததும் போய்விடும்.

அவளுக்கு அதிகம் பேச வராது. வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள். யாரும் வராத அந்த நிலையத்தில்தான், யாரும் வராத காரணத்தாலேயே, அவள் பேசக் கற்றுக்கொண்டாள். நலங்கிள்ளி தினமும் காலையில், சாப்பிட்டாயா என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் அவள் மூச்சிலேயே ரத்தச் சர்க்கரையின் அளவைப் படித்துச் சொல்வார். அவளுடைய பாடப்புத்தகங்களை எல்லாம் அவரும் படித்திருந்தார். மருத்துவப் பொருளியலில் மூன்றாம் அத்தியாயம் தவறு என்பது அவர் கருத்து.

புத்தகத்தில் சொன்ன எல்லாவற்றையும் அவள் செய்து பார்த்துவிட்டாள். பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினாள். பரிசோதனையை நாற்பது நொடியிலிருந்து இருபத்தைந்து நொடியாகக் குறைக்கச் சொன்னாள். வீடு வீடாகப் போய்க் கருத்துக் கணிப்பு எடுத்தாள். ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்ற கேள்விக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர், காத்திருப்பது என்று எழுதினார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பிவண்டி ஏறி மேலக்குழிக்குப் போனார்கள். அங்கே கரிகாலனுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

அவளுடைய அத்தை வேலம்மாளே அப்படித்தான். அப்பாவின் அக்கா. நிலையத்துக்கு எதிர் வீடு. முட்டிவலிக்காக மாதம் இருமுறை மேலக்குழி போய் வருவாள். போன வாரம் திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு திருவிழா பார்த்த களை இருந்தது. உட்கார இடமில்லையாம். சுவரோரம் நின்றார்களாம். ஒருவர் மயங்கி விழுந்தாராம். அப்படி ஒரு கைராசியாம் அந்த டாக்டருக்கு.

"எதிர்லயே ஒருத்தர் இருக்காரே அத்தை," என்றாள் பொற்கொடி.

"நல்லவர்தான்டி. யார் இல்லேன்னா? ஆனா விடிஞ்சதுலேர்ந்து சும்மாவே உக்காந்திருக்காரே. ஊர்ல இருக்கறவங்க எல்லாம் என்ன மடையங்களா?"

"அவரும் இவரும் ஒண்ணுதான். ஒரே தொழிற்சாலை, ஒரே மூளை."

"ஒரே வயித்துல பொறந்தா ஒண்ணாயிடுமா? உங்கப்பனையும் என்னையும் பாரு."

மறுநாள் அத்தை சொன்னதை நலங்கிள்ளியிடம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரலிலும் நானூறு உணரிகள் இருப்பதாகவும், கைராசி என்பது அவற்றில் எதன் வேலை என்று கையேட்டில் தேடியும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். கரிகாலனுக்கு மட்டும் ஏதாவது கூடுதல் பாகம் பொருத்தியிருப்பார்களோ என்று கேட்டார். அவர் வருத்தப்படுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று முழுவதும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பருவம் முடியப் பத்து வாரம் இருந்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

எல்லாருக்கும் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தபோது மேலக்குழி ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. புழுதிப் புயல் ஓய்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஊரே இருமிக்கொண்டிருந்தது. கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை, மாணவர்களை இன்று அனுப்ப வேண்டாம் என்றார்கள். ஜைனம்பு வகுப்பைப் பார்த்தார். காய்ச்சலைக் கொடுத்தாயிற்று. நான்கு மணிக்கு முன்னால் திரும்ப எடுக்க முடியாது.

"யார் நிலையத்துலயாவது இடம் இருக்கா?"

பொற்கொடி இரண்டு ஆண்டுகளில் முதல் தடவையாகக் கை தூக்கினாள்.

முப்பத்திரண்டு பேரும் கம்பிவண்டியில் நடுங்கிக்கொண்டே கீழக்குழிக்கு வந்தார்கள். கூடத்தில் நாற்காலி இல்லாததால் தரையில் உட்கார்ந்தார்கள். தரை நிறைந்ததும் நடைவழியில் உட்கார்ந்தார்கள். பாடத்திட்டப்படி ஒவ்வொருவரும் டாக்டரிடம் தன் நோயை விரிவாகச் சொல்ல வேண்டும் என்பதால், நலங்கிள்ளிக்கு இவர்களின் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று நன்றாகத் தெரிந்தும், ஒருவரைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆயிற்று. மற்றவர்கள் வெளியே முனகினார்கள். இஸ்ரவேல் என்றொருவன், வகுப்பில் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன், காய்ச்சல் வேகத்தில் பாட ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அதட்டினார்கள். நிலையத்தின் கண்ணாடிக் கதவு மூச்சுக்காற்றில் மங்கிப்போனது.

பதினோரு மணிக்கு வேலம்மாள் கதவைத் திறந்தாள்.

"என்னடி இவ்வளவு கூட்டம்?"

பொற்கொடிக்கு நடுக்கத்தில் வாய் திறக்க முடியவில்லை. இஸ்ரவேல்தான் பதில் சொன்னான். "டாக்டர் அப்படிம்மா. உக்காருங்க, நேரமாகும்."

அதில் பொய் எதுவும் இல்லை. வேலம்மாள் கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தாள். வீட்டுக்குப் போய் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்த உடனே, டோக்கன் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். டோக்கன் கிடையாது என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. டோக்கன்கூட இல்லாமல் இது என்ன ஆஸ்பத்திரி, நாளைக்கு, பின்னால் வந்தவன் முன்னால் போனால் யார் கேட்பது என்றாள். இஸ்ரவேல் மூலையில் கிடந்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்துக் கிழித்து, பின்பக்கத்தில் எண் எழுதிக் கொடுக்கத் தொடங்கினான். ஆஸ்பத்திரியில் பிடிக்காதது எது என்று கேட்ட கருத்துக் கணிப்புத் தாள்கள் அவை. வேலம்மாளுக்கு முப்பத்து மூன்று. அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து எதிர் வரிசை வீட்டு செண்பகத்தைக் கூப்பிட்டாள்.

மதியத்துக்குள் பதினேழு பேர் வந்துவிட்டார்கள். இவர்கள் யாருக்கும் காதுக்குப் பின்னால் சில்லு இல்லை.

ஆனால் இருமல் தாங்காமல் தவித்ததால் வேலம்மாளே தனக்கு முன்னால் விட்ட முதல் ஆளை நலங்கிள்ளி இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மருந்துச் சீட்டோடு வெளியே வந்த அந்த மனிதர் ஏமாந்து போன முகத்தோடு நின்றார். பொற்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மெதுவாப் பாருங்க டாக்டர்."

"மெதுவாகத்தான் பார்த்தேன். பதினோராவது நொடியிலேயே தெரிந்துவிட்டது. மீதி நேரத்தில் என்ன செய்வது?"

"அவங்ககிட்டப் பேசுங்க. பத்து நிமிஷம்."

"எதைப் பற்றி?"

"தெரியாது. என்கிட்ட எப்படிப் பேசுவீங்க?"

அவர் யோசித்தார். அடுத்து வந்த வேலம்மாளிடம், சாப்பிட்டீர்களா என்று ஆரம்பித்தார். முட்டியின் குருத்தெலும்பு தேய்ந்திருப்பது அவருக்குப் பதினோராவது நொடியில் தெரிந்தது. ஏழாவது நிமிடத்தில்தான், அவள் வீட்டில் உணவுக்காகப் பாசி வளர்க்கும் தட்டுகளை மூன்று அடுக்காக வைத்திருப்பதும், மேல்தட்டுக்குத் தண்ணீர் விடத் தினமும் இருபது தடவை முக்காலியில் ஏறி இறங்குவதும் தெரிந்தது. மூச்சிலும் விழித்திரையிலும் அந்த முக்காலி இல்லை. மருந்துச் சீட்டின் முதல் வரியாக, மேல்தட்டைக் கீழே இறக்கவும் என்று எழுதினார். கரிகாலன் ஒரு வருடமாகக் கொடுத்த மாத்திரை இரண்டாவது வரியில் இருந்தது.

வேலம்மாள் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "நல்லாப் பாக்கறாரு. அவசரமே இல்ல அவருக்கு."

செவ்வாய்க்கிழமை கூடம் மறுபடியும் காலியாக இருந்தது. இரண்டு பேர் கதவு வரை வந்து, உள்ளே பார்த்துவிட்டு, டாக்டர் இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போனார்கள். டாக்டர் அவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

பொற்கொடி அன்று மாலை ஜைனம்புவிடம் போய், நோய்ப் பயிற்சியைத் திங்கட்கிழமையே செய்ய வேண்டுமா, தினம் ஐந்தாறு பேராகப் பிரித்துக் கீழக்குழியில் செய்யக் கூடாதா என்று கேட்டாள். காரணம் சொல்லவில்லை. சொல்வதற்குள் முகம் சிவந்துவிட்டது. ஜைனம்பு காரணம் கேட்கவில்லை. ஐந்தாறு பேர் போதும் என்று பொற்கொடி கணக்குப் போட்டிருந்தாள். கதவைத் திறக்கும் ஒருவர் திரும்பிப் போகாமல் இருக்க, உள்ளே குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். ஆறாவது ஆள் தானாக வருவார். ஏழாவது ஆள் ஆறாவது ஆளைப் பார்த்து வருவார்.

நாற்காலிகள் திரும்பி வந்தன. பிறகு டோக்கன் இயந்திரம். பிறகு கதவருகே பாசி வடை விற்கும் வண்டி. ஆறாவது வாரத்தில் மேலக்குழியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். எட்டாவது வாரத்தில் வகுப்புத் தோழர்கள் உட்காருவதற்கு இடம் கிடைக்கவில்லை. தூரத்து உறவினர்கள் பொற்கொடியின் அப்பாவைத் தேடி வந்து, உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கொஞ்சம் முன்னால் விடச் சொல்லுங்கள் என்றார்கள். நலங்கிள்ளி ஜன்னலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாளின் முடிவில் அவற்றை அவளுக்குச் சொல்லாமல் அவரால் கதவை மூட முடியாது.

வாய்மொழித் தேர்வில் ஜைனம்பு அவள் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஆய்வின் தலைப்பு காத்திருப்பே இல்லாத சேவை. காத்திருப்பு நேரம் பூஜ்யத்திலிருந்து இரண்டு மணி பத்து நிமிடமாக உயர்ந்திருக்கிறது. நோயாளிகளின் மனநிறைவு முப்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்றாறாக உயர்ந்திருக்கிறது. வாரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர். குணமாகும் வேகமும் கூடியிருக்கிறது. அட்டவணை ஏழில் அது தெளிவாக இருந்தது. கூட்டமுள்ள நாட்களில் வந்தவர்களே விரைவில் குணமானார்கள்.

"எது உண்மை?" என்று கேட்டார் ஜைனம்பு. "தலைப்பா, அட்டவணையா?"

பொற்கொடி தலைப்பை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தாள். தேர்ச்சி பெற்றாள். நிலையம் நிலைத்தது. அவளையே அதன் நிர்வாகியாக நியமித்தார்கள்.

அந்த ஆண்டு வகுப்பில் இருந்த முப்பத்திரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. கல்லூரி வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. ஆய்வேட்டைப் படித்த ஆஸ்பத்திரிகளும் பல் மருத்துவ நிலையங்களும் பள்ளிகளும் காத்திருப்பு அலுவலர் என்று புதிதாக ஒரு பதவியை உருவாக்கியிருந்தன. காலை ஒன்பது முதல் நான்கு வரை கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முதுநிலைப் பட்டம் கட்டாயம்.

இஸ்ரவேலுக்கு மேலக்குழிப் பொறிப்பட்டறையில் வேலை கிடைத்தது.

அந்தப் பட்டறைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை நலங்கிள்ளி போக வேண்டியிருந்தது. மருத்துவப் பொறிகளுக்கு ஆண்டுச் சான்று உண்டு. கண், விரல், நினைவகம் மூன்றையும் பார்த்து முத்திரை வைப்பார்கள். நான்கு நிமிட வேலை. நாள் தவறினால் அந்தப் பொறியை மருத்துவத்தில் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. திங்கட்கிழமை சுரங்கத்துக்குத்தான், நினைவைத் துடைத்துவிட்டு. இரண்டு வாரமாகப் பொற்கொடி சொல்லிக்கொண்டே இருந்தாள். நலங்கிள்ளி நோயாளிகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணியோடு பட்டறை மூடும். மதியம் பன்னிரண்டரைக்கு அவரைக் கம்பிவண்டியில் ஏற்றிவிட்டாள்.

மூன்று மணி வரை அவர் திரும்பவில்லை. கூடத்தில் முப்பத்தெட்டு பேர் காத்திருந்தார்கள். வேலம்மாளை டோக்கனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பொற்கொடி மேலக்குழிக்குக் கிளம்பினாள்.

பட்டறைக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. முதல் வாசல் விரியத் திறந்திருந்தது. உள்ளே வெளிச்சமாக இருந்தது. தமயந்தி என்ற பெயர் தைத்த மேலங்கியோடு ஒரு பெண் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. இரண்டாம் வாசல் பாதி மூடியிருந்தது. அதன் முன்னால் பத்தொன்பது பொறிகள் வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதாக நலங்கிள்ளி நின்றார், கையில் டோக்கனோடு.

மணி மூன்று ஐம்பது.

"டாக்டர், அந்த வாசல் காலியா இருக்கே."

"பார்த்தேன்," என்றார் நலங்கிள்ளி. "ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்தேன். இங்கே வந்துவிட்டேன்."

பொற்கொடி வரிசையின் முன்பக்கம் போய்ப் பார்த்தாள். முதல் பதினொன்றும் பழைய உணவு வண்டிகள். இரண்டுக்குச் சக்கரமே இல்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. திரும்பி வந்து, முன்னால் நிற்பவை எல்லாம் இஸ்ரவேல் கொண்டுவந்து நிறுத்தியவை, நாம் செய்த அதே வேலை, இதில் ஒன்றுகூட உண்மையில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இருக்கலாம்," என்றார் அவர். "ஆனால் எனக்குப் பின்னால் நிற்கும் ஏழு பேரும் உண்மையானவர்கள். இத்தனை பேருமா தவறு செய்வார்கள்?"

"அவங்க உங்களைப் பார்த்துத்தான் வந்து நிக்கறாங்க."

"உன் அட்டவணை ஏழை நான்தான் சரிபார்த்தேன், பொற்கொடி. கூட்டத்தில் வந்தவர்களே விரைவில் குணமானார்கள். அது தவறு என்றால் சொல், நான் அந்த வாசலுக்குப் போகிறேன்."

அது தவறில்லை. அட்டவணை சரி. அதை வைத்துத்தான் அவள் பட்டம் வாங்கியிருந்தாள். அது டாக்டர் பத்து நிமிடம் பேசியதால் வந்தது, கூட்டத்தால் அல்ல என்று சொல்ல வாயெடுத்தாள். கூட்டம் இல்லாதிருந்தால் யாரும் பேச வந்திருக்க மாட்டார்களே என்று அவளுக்கே தோன்றியது. அவருக்கு உத்தரவு போடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. யாரிடம் சிகிச்சை பெறுவது என்பது நோயாளியின் விருப்பம், நிர்வாகி குறுக்கிடக் கூடாது. இரண்டாம் பருவத்தில் அந்தத் தாளில் அவள்தான் முதல் மதிப்பெண்.

நான்கு மணிக்கு வரிசை ஓரடிகூட நகரவில்லை. நான்கு இருபதுக்கும் நகரவில்லை. சக்கரமில்லாத வண்டி எப்படி நகரும்? நலங்கிள்ளி பொறுமையாக நின்றார். பின்னால் நின்ற தெருக்கூட்டும் பொறி ஒன்று அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அக்கறையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை இவருக்குத் தன் பெயர் தெரியாது என்று பொற்கொடி நினைத்தாள். குழாய் ஓரமாக நடந்துகொண்டிருப்பார். காலையில் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார்.

நான்கு முப்பத்தைந்துக்கு அவள் வாழ்க்கையில் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தாள். வரிசையைத் தாண்டிப் போய்ப் பாதி மூடிய கதவைத் தட்டினாள். இஸ்ரவேல் கழுத்தில் அடையாள அட்டையோடு எட்டிப் பார்த்தான்.

"நம்ம டாக்டரைக் கொஞ்சம் முன்னால விடேன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இஸ்ரவேல் சிரித்தான். "நீயா கேக்கற? சரி, பக்கவாட்டுக் கதவால வரச் சொல்லு. தெரிஞ்சவங்கன்னு யார்கிட்டயும் சொல்லாத."

நலங்கிள்ளி வரிசையிலிருந்து விலகி நடந்தபோது பின்னால் நின்ற ஏழு பொறிகளும் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பின. அவர் நிமிர்ந்து நடந்தார்.

உள்ளே போன பொற்கொடி நின்றுவிட்டாள். பட்டறை ஒன்றுதான். ஒரே அறை, இரண்டு வாசல். தமயந்தி கருவிகளை அடுக்கி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நலங்கிள்ளியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். மதியத்திலிருந்து அந்த வாசலில் நின்று கையாட்டிக் கூப்பிட்டதாகவும், இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. பழகியிருந்தது போல் இருந்தது.

அவர் கண்ணைத் தமயந்தி சோதித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் காலி வாசலை மூடிவிட்டால் என்ன என்று பொற்கொடி இஸ்ரவேலிடம் கேட்டாள்.

"ஐயோ, மூடவே கூடாது," என்றான் அவன். "அது காலியாத் தெரிஞ்சாத்தான் இதுக்கு மதிப்பு."

நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. சான்றில் முத்திரை விழுந்தபோது மணி நான்கு ஐம்பத்தொன்று. பொற்கொடி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நலங்கிள்ளி அவள் மூச்சைப் படித்துவிட்டு, மதியம் நீ எதுவும் சாப்பிடவில்லை என்றார்.

கம்பிவண்டியில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். கீழே சிவப்புப் பள்ளங்கள் மெல்ல நகர்ந்தன. பாசி வடைப் பொட்டலத்தைப் பிரித்தபடி அவள் சொன்னாள்.

"அந்த வாசல்லயும் அதே அம்மாதான் பாக்கறாங்க, டாக்டர். நீங்களே பார்த்தீங்க."

"கவனித்தேன். ஆனால் அந்த வாசல் வழியாக வருகிறவர்களை அவர் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பதில்லை."

"யார் சொன்னாங்க?"

"வரிசையில் எல்லாரும் சொன்னார்கள்," என்றார் டாக்டர் நலங்கிள்ளி. எந்த நோயையும் அவர் இவ்வளவு உறுதியாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.